நான் வைக்காத பட்டன்

அண்ணாச்சி,

மதினி கொடுத்த டப்பாவை இன்றைக்குத்தான் திறந்தேன். கடலை மிட்டாய் வந்த பழைய பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திருகியதும் வெல்ல வாசனை வரும் என்று நினைத்தேன். வந்தது ஈயப்பற்று வைக்கும்போது எழும் அந்தப் பிசின் நெடி. உங்கள் கடைக்குள் கால் வைத்தாலே முகத்தில் அடிக்குமே, அதே நெடி. உள்ளே கேசட்டுத் திருகாணிகள், தேய்ந்துபோன இரண்டு ரப்பர் பெல்ட்டுகள், ஒரு சாண் வயரோடு ஹெட்போன் பின் ஒன்று. பின்னின் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. வயரின் மறுமுனை ஒரே வெட்டாக வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டியது நான்தான்.

நான் வெட்டிப் போட்டதை ஏழு வருஷம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். எதற்கு? என்றைக்காவது என் முன்னால் போட்டு, "பாத்தீங்களா டீச்சர்" என்று கேட்பதற்கா? கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற எரிச்சலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் உங்கள் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்த இடத்தில் அதைச் சொல்ல முடியவில்லை. பந்தலில் எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் மதினி பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேச வேண்டுமே என்று, "அண்ணாச்சி பாட்டு கேக்கும்போது ஒரு பக்கமாச் சாஞ்சு ஸ்பீக்கர்ல காத வச்சுக்கிடுவாங்களே, அதுதான் கண்ணுல நிக்குது" என்றேன்.

மதினி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அவியளுக்கு இடது காது சுத்தமாக் கேக்காதுல்லா. பத்து வயசுல பொன்னுக்கு வீங்கி வந்ததுல போச்சு. இத்தன வருசம் பக்கத்துக் கடையில இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

தெரியாது. நான்கு வருஷம் ஒரே கட்டடத்தில், நடுவில் ஒரு பிளைவுட் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பக்கம் உங்கள் ரெக்கார்டிங் சென்டர், இந்தப் பக்கம் என் கம்ப்யூட்டர் சென்டர். நீங்கள் மேஜையில் உட்கார்ந்தால் நான் உங்களுக்கு இடது கைப் பக்கம். பலகைக்கு மேலாக எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீர்கள். கொழுப்பு என்று நினைத்தேன். தெருவில் சேர்ந்து டீ குடிக்கப் போனால் சுற்றி வந்து என்னை வலது பக்கம் விட்டுக்கொள்வீர்கள். லாரி வரும் பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்கிறீர்கள், மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். இரண்டும் தப்பு.

அந்த வருஷங்களில் ஊர் முழுக்கக் கேசட்டிலிருந்து சிடிக்கு மாறிக்கொண்டிருந்தது. எப்போதும்வென்றான், குளத்தூர் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் ஒரு தாளில் பாட்டு வரிகளை எழுதி எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவார்கள். நீங்கள் தேடியெடுத்துப் பதிந்து கொடுப்பீர்கள். அண்ணன் தம்பியெல்லாம் தீப்பெட்டி ஆபீஸைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் மட்டும் பாட்டு என்று கிளம்பி வந்தவர். கம்ப்யூட்டர் வாங்கிப் பாட்டையெல்லாம் அதில் ஏற்றியதும், அவற்றைத் தமிழில் பட்டியல் போட்டு வாசிக்கிற ஒரு சாப்ட்வேர் எழுதித் தரச் சொன்னீர்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். வாசி, நிறுத்து, அடுத்தது என்று மூன்றே பட்டன். எனக்கு அது பெரிய சாதனை.

நீங்கள் ஒரு பாட்டுகூட முழுசாகக் கேட்கவில்லை. "சத்தத்தக் கூட்டக் குறைக்க எங்கன இருக்கு டீச்சர்?"

"கீழ ஓரத்துல ஸ்பீக்கர் படம் இருக்குல்லா அண்ணாச்சி, அதத் தொடுங்க."

"அது கம்ப்யூட்டரோடது. ஒங்க சாப்ட்வேர்ல எங்கன இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"வீட்டுக்கு மெயின் சுவிட்ச் இருக்குன்னு ரூமுல சுவிட்ச் வைக்காம விடுவாங்களா?"

எரிச்சலோடுதான் வைத்தேன். இடமிருந்து வலமாக இழுக்கிற ஒரு கம்பி, பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும். அதுவும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. "பாதி வரைக்கும் செத்துக் கிடக்கு. அதுக்கு மேல ஒரேயடியாக் கத்துது. கைக்கு அடங்க மாட்டேங்கு" என்றீர்கள். கணக்குச் சரியாக இருக்கிறது, ஒவ்வொரு படியும் ஒரே டெசிபல் அளவு என்று தாளில் எழுதிக் காட்டினேன். "கணக்கு சரிதான். கேக்கதுக்குச் சரியில்லல்லா" என்றீர்கள். எதிர்க்கடையில் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து என்னிடம் நீட்டினீர்கள். நான் கம்பியை மெல்ல இழுக்க வேண்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்துங்க, இது கால்" என்பீர்கள். திரையில் அந்த இடத்தில் ஒரு பொட்டு. பிறகு அரை, முக்கால். மூன்று சிவப்புப் பொட்டும் கம்பியின் கடைசி மூன்றில் ஒரு பங்குக்குள் நெருக்கியடித்து நின்றன. அந்த எண்களை எடுத்துப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால், மனிதக் காது சத்தத்தை எப்படி அளக்கும் என்று அதில் போட்டிருந்த வளைவுக்கு மிக அருகில் இருந்தன. அதன்படி மாற்றினேன். கம்பி கைக்கு அடங்கியது.

அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகளிடம், ஊரிலேயே நல்ல காது பக்கத்துக் கடை அண்ணாச்சியின் காதுதான் என்று சத்தமாகச் சொன்னேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். கேட்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அதற்கப்புறம் வந்ததுதான் ஹெட்போன். என் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நீங்கள் காலையிலிருந்து ஒரே பாட்டை நாலு தடவை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிளைவுட் பலகை அதைத் தடுக்கிற பலகையா? ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். "அது எனக்கு ஒத்து வராது டீச்சர்" என்று முதலில் மறுத்தீர்கள். "பழகிரும் அண்ணாச்சி" என்று சொல்லி நானே ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் அறைக்குள் கலந்து உங்கள் வலது காதுக்கு வந்துவிடும். ஹெட்போன் போட்டால் இடப் பக்கத்துப் பாட்டு கேட்காத காதுக்குள் போய் அங்கேயே நின்றுவிடும். பழைய ஸ்டீரியோ பாட்டுகள் சிலவற்றில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறு பக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள். அதையெல்லாம் பாதியாகத்தான் கேட்டிருப்பீர்கள்.

பத்து நாள் கழித்து வந்தீர்கள். "டீச்சர், ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கலந்து வார மாதிரி ஒரு பட்டன் வச்சுக் குடுங்க."

"அதுக்குப் பேரு மோனோ அண்ணாச்சி. ஒத்த ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர் காலத்துச் சமாச்சாரம். நல்லா இருக்கிற ஸ்டீரியோவ எதுக்குக் கெடுக்கணும்?"

"நம்ம மினி பஸ்காரருக்கு ஒரு பக்கத்து ஸ்பீக்கர் போயிட்டாம். பாதிப் பாட்டுதான் கேக்குன்னு சொல்லுதாரு."

"ஸ்பீக்கர மாத்தச் சொல்லுங்க."

அடுத்த வாரம் மைக் செட்காரரைப் பேச்சுக்குள் இழுத்து வந்தீர்கள். குழாய் ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகத்தானே வருகிறது என்று. அது ஆம்ப்ளிபயரிலேயே கலந்துவிடும், சாப்ட்வேரில் தேவையில்லை என்று அதையும் வெட்டினேன். நீங்கள் ஒரு காரணம் சொல்வீர்கள், நான் அதை உடைப்பேன். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வேறு. மூன்றாவது தடவை காரணமே சொல்லாமல், "சும்மா ஒண்ணு வைங்களேன், என்ன கொறஞ்சா போகுது" என்றீர்கள். நீங்கள் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான். அதற்கு நான் சிரித்தேன்.

சிரித்துவிட்டு நீங்கள் கேட்காததையெல்லாம் வைத்தேன். அடித்தொண்டைச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரைக்கும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பத்துக் கம்பி ஈக்வலைசர். ஹால், தியேட்டர், திறந்தவெளி என்று ஒலித் தேர்வுகள். பாட்டுக்கேற்ப ஆடுகிற வண்ணப் பட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, 'அகன்ற ஒலி' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் இடமும் வலமும் இன்னும் தள்ளிப் போய்விடும். உங்கள் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு அதை அழுத்தி, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு நிமிஷம் கேட்டீர்கள். கழற்றி மேஜையில் வைத்தீர்கள். "நல்லாருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கேசட் டெக்கின் தலையைப் பஞ்சு வைத்துத் துடைக்க ஆரம்பித்தீர்கள். அந்தப் பஞ்சை அவ்வளவு நேரம் தேய்த்தது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்வேன். புதியம்புத்தூர்க்காரர் விஷயத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அங்கே ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் அவர். வேலை நேரத்தில் போடுவதற்கென்று பழைய பாட்டுகளாக இருபது கேசட் கேட்டிருந்தார். கம்ப்யூட்டரில் என் சாப்ட்வேரில் பாட்டை ஓடவிட்டு, அதிலிருந்து டெக்குக்கு வயர் கொடுத்து, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நீங்கள் பதிந்து கொடுத்தீர்கள். நாலாம் நாள் அத்தனையையும் பையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது? நாப்பது மிஷின் ஓடுத சத்தத்தையும் தாண்டிக் காதுல ஊசி ஏத்துது. பிள்ளைக ஆஃப் பண்ணச் சொல்லுதாங்க."

நீங்கள் ஒன்றைப் போட்டுக் கேட்டீர்கள். ஸ்பீக்கரில். எனக்கே பலகைக்கு இந்தப் பக்கம் பல் கூசியது. அப்போது நீங்கள் அவரிடம் சொன்னீர்கள்: "சாப்ட்வேர்லதான் ஏதோ கோளாறு. டீச்சர் புதுசா என்னமோ போட்டுக் குடுத்தாவ."

என் பிள்ளைகள் எட்டுப் பேர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். அந்த மாதம்தான் விளாத்திகுளத்திலிருந்தும் சாத்தூரிலிருந்தும் இரண்டு ரெக்கார்டிங் கடைக்காரர்கள் தங்களுக்கும் இந்த சாப்ட்வேர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதிய ஒன்றை ஊர் தாண்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் சொன்னது பஸ் ஏறி அவர்களிடம் போய்விட்டது. டீச்சர் சாப்ட்வேர் பாட்டைக் கெடுக்கும் என்று இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை.

மூன்று நாள் என் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் உங்கள் கடைக்கு வந்து திரையைப் பார்த்தால், ஈக்வலைசரில் கடைசி மூன்று கம்பிகளும் உச்சியில் நிற்கின்றன.

"இத யாரு தூக்குனது?"

"கை பட்டிருக்கும்."

"மூணும் ஒரே உசரத்துக்கா கை படும் அண்ணாச்சி?"

"டீ சொல்லட்டா" என்றீர்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒரு மாதம் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் உங்களைப் பொய்யர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பேசினாலும் அந்த நினைப்பு போகவில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் இந்தப் பின்னைச் செய்திருக்கிறீர்கள். நான் சமாதானமாகி வந்த அன்றைக்கு அது ஹெட்போன் வயரில் இருந்தது. கழுத்துத் தடித்து, டேப் சுற்றி, அசிங்கமாக. இது என்ன என்று கேட்டேன். "ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒட்டியிருக்கேன்" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம். இடத்தையும் வலத்தையும் நேராகச் சேர்த்தால் சவுண்ட் கார்டு போய்விடும், அதற்கும் என் சாப்ட்வேரைத்தான் சொல்வீர்கள் என்று கத்திவிட்டு, உங்கள் மேஜையிலிருந்த கட்டரையே எடுத்து ஒரே வெட்டாக வெட்டினேன். சாயந்திரமே புது ஹெட்போன் வாங்கி வந்து வைத்தேன். பெருந்தன்மையாம். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க இஷ்டம் டீச்சர்" என்றீர்கள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்றைக்கு அந்த டேப்பைப் பிரித்தேன். உள்ளே இரண்டு சின்ன ரெசிஸ்டர். கார்டுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று அளந்து வைத்திருக்கிறீர்கள். நான் படித்துச் சொன்னது எல்லாம் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அதையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா?

அதற்கப்புறம் ஹெட்போன் போடுவதை விட்டுவிட்டீர்கள். ஸ்பீக்கரை முதல் பொட்டுக்கும் கீழே குறைத்து வைத்துக்கொண்டு, எனக்கு இடைஞ்சல் இல்லாமல், வலது காதை அதன் மேலேயே சாய்த்துக் கேட்பீர்கள். "என்ன அண்ணாச்சி, ஸ்பீக்கர் ரகசியம் சொல்லுதா?" என்று கேலி செய்திருக்கிறேன். நீங்களும் சிரிப்பீர்கள். அடுத்த வருஷம் நான் சென்டரை மூடிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று மதினியிடம் கேட்டேன். பந்தலில் கேட்கிற கேள்வியா என்று யோசிக்காமல் கேட்டேன். மதினிக்கு அந்த அழுகையிலும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் சொன்னேன், டீச்சர்கிட்டயாவது சொல்லுங்கன்னு. நல்ல பிள்ளதான், ஆனா வாய் நிக்காது, கிளாஸ்ல சொல்லிரும்னாவ. ஒரு வாரத்துல ஊரே எனக்கு மோனோன்னு பேரு வச்சிரும், எவன் பாட்டு பதிய வருவான்னாவ."

மோனோ. பேரையும் நீங்களே வைத்து முடித்திருக்கிறீர்கள். வைக்கத் தெரியாதவரா நீங்கள்? ஒரு தோள் இறங்கி நடக்கிறவருக்குத் தராசு. டீ கொண்டுவரத் தாமதிக்கிற கடைக்காரருக்கு லோடிங். முதல் வகுப்பில் கீபோர்டின் எஸ்கேப் பட்டனிலிருந்து பாடம் ஆரம்பித்ததால் எனக்கு எஸ்கேப். நீங்கள் வைத்த பேர் ஒன்றுகூட இதுவரை உதிரவில்லை. போன வாரம் பந்தலிலேயே ஒருவர் என்னைப் பார்த்து, "எஸ்கேப் டீச்சர் வந்திருக்காவ" என்றார். ஊருக்கே பேர் வைத்த மனிதருக்குத் தன் பேர் வந்துவிடும் என்று பயம். உங்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஆனால் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது சரி. நான் சொல்லியிருப்பேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அந்த வளைவைப் பிடித்தார் தெரியுமா என்று பெருமையாகவே வகுப்பில் சொல்லியிருப்பேன். மறுநாள் தெருவெல்லாம் தெரிந்திருக்கும். இதை ஒத்துக்கொள்வதற்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நிரல் இன்னும் ஒரு சிடியில் என்னிடம் இருக்கிறது. எடுத்து ஏற்றினேன். பாட்டை வாசிக்கிற வேலையை அதில் நான் செய்யவில்லை, வேறு யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, டிஎல்எல் என்கிற ஒரு துணைக் கோப்புதான் செய்கிறது. இரண்டு பக்கத்தையும் கலந்து கொடு என்று அதனிடம் சொல்ல ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். அதன் கையேட்டில் நாலாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. அப்போதும் அங்கேதான் இருந்தது. சேர்த்தேன், டிக் போட்டால் இரண்டும் கலக்கிற மாதிரி திரையில் ஒரு சின்னக் கட்டம் வைத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு இடது காதில் பஞ்சை நன்றாக அடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, புதியம்புத்தூர்க்காரரின் அந்த இருபது கேசட்டில் இருந்த ஒரு பாட்டை ஓடவிட்டேன். கட்டத்தில் டிக் போடவில்லை. வலது காதில் தபேலாவும் வயலினும் வந்தன. குரல் இல்லை. அடியில் எங்கோ மெல்லிசாக, கதவுக்கு வெளியே யாரோ பாடுகிற மாதிரி ஒரு கசிவு இருந்தது. அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தெளியாதா என்று இருந்தது. யோசிக்காமல் என் கை ஈக்வலைசருக்குப் போய்க் கடைசிக் கம்பியைத் தூக்கியது. போதவில்லை. அதற்கு முந்தியதையும், அதற்கும் முந்தியதையும் தூக்கினேன். குரல் கொஞ்சம் மேலே வந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். மூன்று கம்பியும் ஒரே உயரத்தில் உச்சியில் நின்றன.

டிக் போட்டேன். குரல் முழுசாக வந்தது, காதில் ஊசி ஏற்றிக்கொண்டு. மூன்று கம்பியையும் ஒவ்வொன்றாக இறக்கினேன். பாட்டு சரியாகிவிட்டது.

இந்தப் பின்னை இனி என் பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். உங்கள் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை, ஒரு சொல் நான் சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன், அண்ணாச்சி. அன்றைக்குப் புதியம்புத்தூர்க்காரரிடம் நீங்கள் பொய் சொல்லவில்லை. கோளாறு சாப்ட்வேரில்தான் இருந்தது.